ஈரலைக் கேட்டார்கள், எடையைப் பார்த்தார்கள்

எங்கள் தெருவில் பழைய பேப்பர் கடை வைத்திருப்பவரை எல்லோரும் 'டன்' என்றுதான் கூப்பிடுவோம். ஆள் தொண்ணூற்றாறு கிலோ. "டன் அண்ணே, நீங்க ஏறுனா தராசே அழுவுது" என்றால், "அழுவட்டும், அதுக்கு நானா சோறு போடுறேன்?" என்பார்.

அவருடைய ஒரே தங்கைக்கு ஈரல் கெட்டுவிட்டது. யாராவது தன் ஈரலில் பாதியை வெட்டிக் கொடுத்தால்தான் பிழைப்பாள். புருஷனின் ரத்தம் சேரவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. மிச்சம் டன்தான். ஆனால் அவர் ஈரலில் கொழுப்பு. "எட்டு வாரத்துல கொழுப்பைக் கரைச்சிட்டு வாங்க, வெச்சிடலாம்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து பாதிச் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லித்தரும் அம்மா அவரிடம் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: "சாப்பாட்டைக் குறைச்சா ஈரல் கொழுப்புதான் முதல்ல ஓடும். அப்புறம் உடம்பு உஷாராயிடும். வரவு குறைஞ்சா செலவைக் குறைச்சுக்கும். கை கால் சில்லுனு ஆகும், அசதி வரும், எடை அப்படியே நிக்கும். பயந்துடாதீங்க."

ஐந்து வாரத்தில் எண்பத்தேழுக்கு வந்தார். வீடே கொண்டாடியது. அதற்குப் பிறகு முள் நகரவில்லை. பதினெட்டு நாள்! அதே பாதிச் சாப்பாடுதான். உச்சி வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டுப் பேப்பரைத் தூக்கிவிட்டு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். நான் கண்ணால் பார்த்தேன்.

வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. டாக்டர் எடையைப் பற்றி எதுவுமே சொன்னதில்லை. எண்பத்தைந்து கிலோவுக்கு இறங்கணும் என்பது தங்கையின் புருஷன் தானாகப் போட்ட கணக்கு. ஈரல் கண்ணுக்குத் தெரியாது, தராசு முள் தெரியுமே!

அந்த மாப்பிள்ளை தினமும் காலையில் கடைக்கே வந்து டன்னை நிறுத்துப் பார்ப்பார்.

"மச்சான், கையைக் காட்டு."

"எதுக்கு மாப்ளே?"

"காட்டுய்யா." மோந்து பார்த்தார். "சோப்பு போட்டுக் கழுவியிருக்கே. எங்க தின்னே?"

"சத்தியமா தின்னல. உடம்பு செலவைக் குறைச்சிடுச்சாம், அந்தம்மா சொன்னாங்க..."

"உன் உடம்பு என்ன கணக்குப்பிள்ளையா?"

அம்மா சமையலறைக்குப் பூட்டுப் போட்டார். "பெத்தவளுக்குத் தெரியாதா? சின்ன வயசுல சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணவன்தானே இவன்."

இதையெல்லாம் டன் தாங்கிக்கொண்டார். ஸ்கேனுக்கு மூன்று நாள் இருக்கும்போது தங்கை கூப்பிட்டாள். கண் இரண்டும் மஞ்சள். கோபப்படவில்லை, கெஞ்சினாள்.

"அண்ணா, எனக்காக மூணே மூணு நாள் வாயைக் கட்டக் கூடாதா?"

அதில்தான் மனுஷன் உடைந்துபோனார்.

கடையில் பழைய பேப்பர் போடுகிறவர்கள் எடை கூட்டத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். கட்டு ஈரமானால் எத்தனை கிலோ ஏறும், காய்ந்தால் எத்தனை இறங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. தன்னையும் காயப்போட்டார். இரண்டு நாள் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. மருந்துக் கடையில் நீர் பிரிய ஒன்று, பேதிக்கு ஒன்று என்று மாத்திரை வாங்கி முழுங்கினார். மூன்றாம் நாள் காலை எண்பத்துநாலரை. மாப்பிள்ளை அவரைக் கட்டிப்பிடித்தார்.

"பாத்தியா மச்சான், மனசு வெச்சா முடியுதுல்ல?"

ஸ்கேனில் ஈரல் பளிச்சென்று இருந்தது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தாறுமாறு. மாத்திரை விஷயம் தெரிந்து டாக்டர் கத்தினார்.

"எடையை யாருய்யா கேட்டா? ஈரல் எப்பவோ சரியாகியிருக்கும்! இப்ப இந்தச் சிறுநீரகத்தோட உன்ன எப்படி வெட்டுறது? ரெண்டு வாரம் போகணும்."

தங்கையிடம் ஒன்பது நாள்தான் இருந்தது.

தங்கையின் காரியமெல்லாம் முடிந்த பிறகு டன் அந்த ஸ்கேன் அறிக்கையை எடுத்துவந்து, வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் நீட்டினார். தான் திருடித் தின்னவில்லை என்று ஒருவராவது நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. மாப்பிள்ளை நிதானமாகப் படித்தார்.

"ஈரல் நல்லாத்தான் இருந்திருக்கு."

"ஆமா மாப்ளே. நான் அப்பவே..."

"அப்ப குடுக்க மனசில்லாமதான் மாத்திரையை முழுங்கியிருக்கே."

டன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா எழுந்துபோய்ப் பூட்டைத் திறந்து, ஒரு தட்டு நிறையச் சோற்றைக் குவித்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இனிமே உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தின்னு."

எட்டு வாரப் பசி. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அழுதுகொண்டே தட்டைக் காலி செய்தார்.