மலை நடந்த பக்கம்

கண்டியில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அன்று மூன்று பேர்தான் வந்திருந்தோம். ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து இஞ்சினியர் ஒருவர், கட்டுகஸ்தோட்டையில் மருந்துக்கடை நடத்தும் என் முஸ்லிம் சிநேகிதி, பள்ளிக்கூட ஆசிரியையான நான். விடுமுறையில் பிள்ளைகள் வாசிக்க மாயக்கதை எழுத்தாளர்கள் பத்துப் பேரைப் பரிந்துரைக்கும்படி நூலகர் கேட்டிருந்தார். ஒன்பது பேர் சுலபமாக அமைந்துவிட்டார்கள். பத்தாவது இடத்துக்குத்தான் சண்டை.

இஞ்சினியர் கேட்டது, பல பாகங்களில் ஒரு ராச்சியத்தையே கட்டியெழுப்பிய எழுத்தாளரை. அவர் கதைகளில் மந்திரத்துக்குக்கூடக் கணக்கு உண்டு என்றார். சிநேகிதியோ, ஒரேயொரு மெல்லிய புத்தகம் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்ட தெல்தோட்டைப் பெண் ஒருவரைச் சொன்னாள். ஒரு புத்தகம் போதுமா என்று நானும் இஞ்சினியர் பக்கம்தான் நின்றேன். அவள் சொல்வதைப் பார்த்தால் அரசன் இல்லை, மந்திரவாதி இல்லை, அது எப்படி மாயக்கதையாகும் என்று அவர் கேட்டார்.

"வாசிக்காம வேணாம் எண்டு சொல்ல ஏலாது சேர். ஒரு பக்கம் கேளுங்க," என்று சிநேகிதி அந்த மெல்லிய புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து வாசிக்கத் தொடங்கினாள்.

ஒரு காலையில் மலையொன்று எழுந்து கடலைப் பார்க்கப் புறப்படுகிறது. அதன் முதுகில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் அப்படியே இருக்கின்றன. பெண்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்கள். தாங்கள் நகர்வது ஒருவருக்கும் தெரியவில்லை. ஊற்றிலிருந்து குழாய் வழியே வரும் பீலித் தண்ணீர் மட்டும் சற்றுச் சாய்ந்து விழுகிறது. ஒருத்தி குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறாள். ஏன் தள்ளி வைத்தோம் என்று யோசிக்காமலே நிரப்பிக்கொண்டு போகிறாள்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அப்படிப் பீலியில் எத்தனையோ குடம் பிடித்தவள் நான். காலுக்குக் கீழே இருந்ததை ஓர் உயிராக ஒருநாளும் நினைத்ததில்லை.

இஞ்சினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "இன்னொருக்கா வாசியுங்கோ பிள்ளை," என்றார். இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்: "ஓம், மலை நடந்தால் தண்ணி சாயத்தான் வேணும். இதிலையும் கணக்கு இருக்கு."

பிறகு தன் எழுத்தாளரை எடுத்துவிடச் சொன்னார். சிநேகிதி சம்மதிக்கவில்லை. அந்தப் பாகங்களைத் தானும் சோறு தண்ணீர் மறந்து படித்தவள் என்றாள். நான் நூலகருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். ஒருவர் கூடினால் என்ன, இருவரையும் போடுங்கள் என்றார்.

அந்தப் புத்தகத்தை இரவல் கேட்கத் திரும்பினேன். இஞ்சினியர் அதை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தார். நாங்கள் விடைபெற்றது அவர் காதில் விழவில்லை.