சுலோசனா அடைத்த ஜன்னல்கள்

சுலோசனா திருப்பத்தூரில் காலமானார் என்ற தந்தி சென்ற வாரம் துறைக்கு வந்தது. மாரடைப்பு. பிற்பகல் வகுப்பை முடித்துவிட்டுத்தான் பேருந்து பிடித்தேன். அவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

நம் பல்கலைக்கழகத்தின் கட்டிடக்கலைத் துறையில் படித்துப் பேர் வாங்கியவர்கள் பலர். டெல்லியில் அரசுக் கட்டிடங்கள் கட்டுகிறவர், துபாய்க்குப் போனவர், கடற்கரை ஓட்டல்களுக்குப் புகழ்பெற்றவர். அந்த வரிசையில் சுலோசனாவை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் கூடப் படித்த நம்மால் அவரை மறக்க முடியாது. மூன்றாம் ஆண்டில் அவர் வரைந்த நூலகத்தை மதிப்பெண் போடும் ஜூரிக்கு வந்த ஆசிரியர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். எல்லாம் முடிந்து எழும்போது, "சார், மாடிப்படி திரும்புற இடத்துல உயரமானவங்களுக்குத் தலை இடிக்கும்" என்றார் இவர். "அதை நாங்கதாம்மா கண்டுபிடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்தார். பிழைக்கத் தெரியாதவள் என்று அன்றே முத்திரை குத்திவிட்டோம்.

எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூரில் மலை மாணவிகளுக்கு ஒரு விடுதி கட்டினார். பள்ளத்தாக்கைப் பார்த்த சுவர் முழுக்கக் கதவே இல்லாத கம்பி ஜன்னல்கள். காற்று தாராளமாக உள்ளே வரவேண்டும் என்பதுதானே சென்னை வெயிலில் நாம் படித்த பாடம்! துறையில் விரிவுரையாளராக இருந்த நான், அசந்துபோய் அதை ஒரு பெரிய பரிசுக்குப் பரிந்துரைத்தேன். கிடைத்தால் சென்னையில் பெரிய வேலைகள் தேடி வரும். அந்த ஆசை அவருக்கும் இருந்தது.

தேர்வுக் குழு பார்க்க வருவதற்கு முன் இருவரும் மலைக்குப் போனோம். ஜன்னல்களில் சாக்குகள் தொங்கின. விடுதியில் சமைக்கும் முனியம்மா, "இன்னாம்மா பண்றது, காத்து பூந்து பூந்து வருது. பொண்ணுங்க தூங்காம நடுங்கினு கீதுங்க" என்றார்.

"குழு வந்துட்டுப் போகட்டும், அப்புறம் அடைச்சுக்கலாம்" என்றேன் நான்.

"மார்கழி உன் குழுவுக்காக நிக்குமா?" என்று கேட்டார் சுலோசனா. மறுநாளே கொத்தனாரை அழைத்துப் பாதி ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். பூசக்கூட நேரமில்லை. என் யோசனையில் பெரிய தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். "அழகான கட்டிடம். யார் இப்படிக் கெடுத்தது?"

"நான்தான் சார். முதல்ல தப்பா வரைஞ்சதும் நான்தான்."

அன்று மலையிறங்கும் பேருந்தில் அவர் வெளியே பார்த்தபடி அழுதுகொண்டே வந்தார். பரிசு ஒரு கடற்கரை ஓட்டலுக்குப் போனது.

துக்கத்துக்கு முனியம்மா மலையிலிருந்து வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, நான் கேட்காமலேயே, "இப்போ பொண்ணுங்க நல்லா தூங்குதுங்க சார்" என்றார். நான் பரிந்துரைத்துப் பரிசு பெற்ற கட்டிடங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றிக்கூட யாரும் என்னிடம் வந்து இப்படிச் சொன்னதில்லை. சுலோசனாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வார்த்தைதான். அதைப் பொறாமையோடு வைத்துக்கொண்டிருக்கிறேன்.