பையன்களுக்கு மட்டும் ஒரு நீச்சல் குளம்

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம், அரசலாற்றில் துணி அலசப் போன பத்து வயது செசிலி கால் வழுக்கி மூழ்கி இறந்தாள். அவளுடைய வாத்தியார் நான். பிள்ளைகள் நீச்சல் பழக ஒரு குளம் கட்டியே தீருவது என்று வசூலுக்குக் கிளம்பினேன். "பக்கத்துலயே கடல் கெடக்கு, குளம் எதுக்கு சார்?" என்று கடைக்குக் கடை அதே கேள்விதான்.

எரிச்சலோடு திரும்பியபோது செசிலியின் அம்மா வழிமறித்து ஐந்து ரூபாய் கொடுத்தார். என் கையிலிருந்த நோட்டீசை வாங்கிப் படித்தார்.

"பையன்களுக்குன்னு போட்டிருக்கீங்களே சார். முழுகுனது எம் பொண்ணாச்சே?"

"பொம்பளப் புள்ளைய யாரும்மா நீச்சலுக்கு அனுப்புவா?" என்றேன்.

"நான் அனுப்பியிருப்பேன் சார்."

கொடுத்த பணத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை. ஊர் சரியில்லை என்று அத்தனை நாளும் கத்திக்கொண்டிருந்தேன். அந்த நோட்டீசை எழுதியது ஊரல்ல, நான்.