மாமாவின் கழனி மீது ஒரு சீனப் படையெடுப்பு

தேர்வுக்கு வழிகாட்டி வாங்கத்தான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் பழைய புத்தகம் விற்பவரிடம் போனேன். அவர் அட்டை கிழிந்த இன்னொன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். பழங்காலச் சீனத்தில் எப்படிப் படை நடத்தினார்கள் என்று சொல்லும் தமிழ்ப் புத்தகம் அது. வழிகாட்டியை இன்னும் முடிக்கவில்லை. சீனப் புத்தகத்தை ஒரே வாரத்தில் இரண்டு முறை படித்துவிட்டேன். நிலத்தை அறிவது, ஒற்றரை அனுப்புவது, எதிரியை ஏமாற்றுவது என்று வரிசையாக இருந்தது. படிக்கப் படிக்க, நமக்கும் ஒரு போர் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது.

கிடைத்தது.

எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் கழனி. சாலையை ஒட்டி மாமாவின் கழனி, அதற்குப் பின்னால் எங்களுடையது, அதற்கும் பின்னால் ஏரிக் கால்வாய். சொந்த மாமா இல்லை, ஊர் முறையில் மாமா. நெல் அறுக்கும் மிஷின் எங்கள் கழனிக்கு வர வேண்டுமானால் அவர் கழனியைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் முதலில் அறுத்துவிட்டால் கவலையில்லை. ஆனால் அந்தப் போகத்தில் எங்கள் நெல் முற்றிச் சாய்ந்துவிட்டது. அவருடையது பச்சை மாற இன்னும் ஒரு வாரம் ஆகும். மிஷின் எங்கள் ஊரில் இருக்கப்போவது வியாழக்கிழமை ஒரு நாள்தான். அப்புறம் தென்னேரிப் பக்கம் போய்விடும். வானமோ தினமும் கறுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. சாய்ந்த நெல்லின் மேல் நல்ல மழை விழுந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். என் அப்பாவின், நான் கூப்பிடுகிறபடி சொன்னால் நைனாவின், நாலு மாத உழைப்பு அதோடு முடிந்தது.

மாமா தன் வரப்போரமாக, மிஷின் நுழையும் அகலத்துக்குப் பச்சை நெல்லை அறுத்து வழி விட்டால் போதும். கேட்க வேண்டியதுதானே என்றால், அங்கேதான் சிக்கல். போன வருஷம் கால்வாய் வண்டல் ஏற்றிவர எங்கள் நாற்றங்கால் ஓரமாக டிராக்டரை ஓட்டிக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டபோது, நாலு பேர் எதிரில் முடியாது என்று சொன்னவர் நைனா.

“எந்த மூஞ்ச வச்சிக்கினு போய் கேக்கறது?” என்றார் இப்போது.

“கேக்கவே வேணாம் நைனா. அவரே வந்து குடுக்கற மாதிரி பண்ணலாம். புக்குல கீது.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்கும் போனவன் நான் ஒருவன்தான். அச்சில் இருப்பது பொய்யாகாது என்பது நைனாவின் நம்பிக்கை. உரப் பையின் மேல் இருப்பதைக்கூட என்னைப் படிக்கச் சொல்லி, நின்று கேட்பார். அதனால் மறு கேள்வி கேட்கவில்லை. “அப்டினா சொல்லு, இன்னா பண்ணணும்?” என்று எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இதைவிட நல்ல படை எந்தத் தளபதிக்கும் கிடைத்திருக்காது.

முதலில் நோட்டில் இரண்டு கழனிகளையும் படம் போட்டேன். மாமாவின் பக்கத்தில் ‘எதிரி’ என்று எழுதினேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, “அங்க இன்னா எழுதிக்கிற?” என்றாள். படித்துக் காட்டினேன்.

“அவரு உனக்கு மாமா முறைடா. மரியாதையா எழுது.”

‘எதிரி அவர்கள்’ என்று திருத்தினேன்.

அடுத்தது ஒற்றர். மாமாவின் மனைவியும் அம்மாவும் நூறு நாள் வேலைக்கு ஒன்றாகப் போகிறவர்கள். செவ்வாய்க்கிழமை காலை அம்மாவை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். மாமாவுக்கு நம் மேல் கோபம் இன்னும் இருக்கிறதா, வழி விடுகிற எண்ணம் உண்டா, இதைப் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொண்டு வர வேண்டும். நம் விஷயம் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. அம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள்.

“இன்னாம்மா சொன்னாங்க?”

“அவங்க எங்க சொன்னாங்க? நான்தான் சொன்னேன்.”

“இன்னா சொன்ன?”

“எல்லாத்தையும்தான். நெல்லு சாஞ்சது, உங்க நைனா கேக்கறதுக்குக் கூச்சப்படறது, நீ சீனாக்காரன் புக்க வச்சிக்கினு படம் போட்டது. பாவம், சிரிச்சி சிரிச்சி அண்ணிக்குப் பொர ஏறிப்போச்சி.”

ஒற்றர்களில் பல வகை உண்டு என்று புத்தகத்தில் இருந்தது. இந்த வகை இல்லை.

நான் தளரவில்லை. நமக்கு அவசரம் என்பது எதிரிக்குத் தெரிந்துவிட்டால், அவசரமே இல்லாதவர்கள் போல நடிக்க வேண்டும். அவருடைய பிகு குறையும். அப்போது விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டுவிடலாம். புதன்கிழமை காலை, மாமா டீ குடிக்கிற நேரம் பார்த்து நைனாவைக் கடைக்கு அனுப்பினேன். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“நம்ம கயினியா? அதுக்கு இன்னா அவசரம்! இன்னும் பத்து நாள் போவட்டும்!”

சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. அங்கே யாரும் எங்கள் கழனியைப் பற்றி விசாரிக்கவில்லை என்பதுதான் குறை. மாமா டம்ளரையே பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். திட்டம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதே பெஞ்சின் கோடியில், அறுப்புக்குப் பெயர் எழுதிக்கொள்ளும் மிஷின் புரோக்கர் உட்கார்ந்திருந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை மிஷின் வந்தது. ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு கழனியாக அறுத்தது. மதியம் ஆகியும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நைனா புரோக்கருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

“நீதான நேத்து பத்து நாள் போவட்டும்னு கத்துன? உன் பேர அடிச்சிட்டேன். மூணு மணிக்கு வண்டி கெளம்புதுபா.”

நைனா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார்: “புக்குல இதுக்கு இன்னா போட்டுக்கீது?”

பக்கங்களைப் புரட்டினேன். மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரியை ஏமாற்றப் போய் நம் பக்கத்து ஆளே ஏமாந்துபோனால் என்ன செய்வது என்று அந்தச் சீனர் யோசித்திருக்கவில்லை.

“ஒண்ணும் போடல நைனா.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி, வா. கேட்டுடலாம்.”

நாங்கள் போனபோது மாமா தன் கழனியில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். வரப்போரமாகப் பாதி தூரத்துக்குப் பச்சை நெல் கீழே கிடந்தது.

“இன்னா தளபதி, படை ரெண்டே பேர்தானா?” என்றார் என்னைப் பார்த்து.

நைனா கீழே கிடந்த கதிர் ஒன்றைக் கையில் எடுத்தார். “பச்ச நெல்ல அறுக்கறியே மச்சான்...”

“இன்னா பண்றது? ‘அவங்க நெல்லு மொளச்சா அதையே ஆக்கிப் போடறேன், துன்னு’ன்றா உன் தங்கச்சி.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அது கெடக்கட்டும். சீனாக்காரன் என்னப் பத்தி இன்னா எழுதிக்கிறான்?”

“உங்களப் பத்தி இல்ல மாமா. பொதுவா எழுதினது.”

“பொதுவாவா?” அவர் முகம் தொங்கிப்போயிற்று. “என்ன மடக்க சீனாவுல இருந்து திட்டம் வந்துக்கீதுன்னு டீக்கடைல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டேனேடா.”

அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு அவரே புரோக்கருக்குப் போன் போட்டார். “யோவ், நேத்து பேசினது நாடகம்யா. அவங்களுக்கு நடிக்கத் தெரியல, உனக்குப் பாக்கத் தெரியல. வண்டிய இங்க திருப்பு. வழி நான் குடுக்கறேன், உனக்கு இன்னா பேஜாரு?”

மீதி வழியை மூன்று பேரும் அறுத்தோம். “தளபதி, அது நெல்லு, இது உன் காலு. பாத்து அறு” என்று மாமா எனக்கு வழி நெடுகப் பாடம் நடத்தினார். மிஷின் ஆடி ஆடி எங்கள் கழனிக்குள் இறங்கியபோது மூன்று மணி தாண்டியிருந்தது. சாலையோரம் அம்மா விரித்து வைத்த தார்ப்பாயில் நெல் கொட்டக் கொட்ட, நைனா மாமாவின் அருகில் போய் நின்றார்.

“மச்சான், போன வருஷம் அந்த நாத்தங்கால் விஷயம்...”

“அத அப்பால பேசலாம். மய வருது, தார்ப்பாயப் புடி.”

நாலு பேரும் ஆளுக்கொரு முனையை இழுத்து மூடி முடிப்பதற்கும் மழை அடித்து ஊற்றுவதற்கும் சரியாக இருந்தது. கால்வாய் ஓரம் ஐந்தாறு சென்ட் மட்டும் அறுபடாமல் நின்றுவிட்டது. நைனா நனைந்துகொண்டே அந்தப் பக்கம் பார்த்தார்.

“அதுக்கு எதுக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கிற?” என்றார் மாமா. “காலைல நானும் நீயும் கையால அறுத்துடலாம்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீ வராத. வூட்லயே படிச்சிக்கினு இரு.”