செவலை நிஜமாகவே கத்திய காலை

ஊறிய புண்ணாக்கு வாசமும் ஈரச் சாணத்தின் சூடும்... மீனாட்சிபுரத்தில் எங்கள் மாட்டுக் கொட்டகையில்தான் என் ஒன்பதாம் வகுப்புக் காலைகள் விடிந்தன.

எங்கள் பசு செவலைக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. அடுத்ததும் தவறினால் சந்தைக்குத்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

பருவத்துக்கு வந்த மாடு அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கத்தும். அந்தக் கத்தலை நான் அச்சு அசலாகக் கத்துவேன். வகுப்பில் எனக்கு ரசிகர் மன்றமே உண்டு, மார்க்தான் இல்லை. ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் நின்று கத்தினேன். அப்பா நிஜமென்று நம்பி டாக்டருக்குப் போன் போட்டுவிட்டார். மிருகாஸ்பத்திரியின் மலையாளி டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது செவலை நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அப்பா அடிக்கவில்லை. அடி வாங்குவதைவிட அது மோசம்.

பத்து நாள் கழித்து செவலை நிஜமாகவே கத்தியது. தோட்டத்திலிருந்து அப்பாவின் குரல்.

"போதும் அம்மிணி, நிறுத்து."

நான் இல்லை என்று சத்தியம் செய்தும் நம்பவில்லை. சந்தேகம் வந்து அவர் டாக்டரைக் கூப்பிட்டது மறுநாள் சாயங்காலம்.

கையுறையைக் கழற்றியபடி, நேரம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். இப்போதே ஹார்மோன் ஊசி போட்டால் ஆகாதா, அது சினைப்பைக்குத்தானே போகிறது என்று பாடப்புத்தக அறிவைக் காட்டினேன்.

"அங்க மட்டும் இல்ல மோளே. அந்த ஹார்மோனை வாங்கிக்கிற ரிசெப்டர் கர்ப்பப்பையிலயும் இருக்கு, அதோட வாயிலயும் இருக்கு. வாய் இளகுறதுல அதுக்கும் பங்கு உண்டு. இப்ப வாய் மூடிட்டுது, ஊசி போட்டாலும் பிரயோஜனம் இல்ல. இனி மூணு வாரம் கழிச்சுத்தான்."

செவலையிடம் மூன்று வாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"ஏனுங்கப்பா, தப்பு என்னுதுங்க. அதுக்கு ஒருக்கா மட்டும் தவணை குடுங்க."

அப்பா தோட்டத்து மோட்டார் அறைக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் அந்த வாரம் சந்தைக்கு வண்டி பேசவில்லை.

மூன்றாம் வாரம் செவலை கத்தவே இல்லை. ஒரு காலை, வாலுக்குக் கீழே கண்ணாடி போல் தெளிந்த சளி, நூலாக... மோட்டார் அறைக்கு ஓடினேன். கத்தாமலே செவலைக்குப் பருவம் வந்திருக்கிறது என்று சொன்னேன். அப்பா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கொட்டகைக்குப் போய்ப் பார்க்கவில்லை. போனை எடுத்தார்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்து, சினைதான் என்றார். அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது நான் பிளஸ் டூ. செவலை இரண்டு கன்று போட்டுவிட்டது. அதன் கழுத்தில் சென்சார் வைத்த ஒரு பட்டை. பருவம் வந்தால் அப்பாவின் போனுக்கு மெசேஜ் வரும். அவரும் உடனே நம்பிவிடுகிறார். நான் மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய நம்பிக்கை, பட்டைக்கு ஒரே சார்ஜில் கிடைத்துவிட்டது.

பரவாயில்லை... அன்று என் முகத்தைப் பார்த்ததுபோல் அவர் எந்த மெசேஜையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.