கெயினைக் கூட்டுங்க, ஜெபராஜ்

போன மாதம் ஒரு நாள், சண்டை போடுவதென்று முடிவு செய்துகொண்டு நன்னிலத்திலிருந்து தஞ்சாவூருக்குக் காரை ஓட்டினேன். சண்டை, கார் ஆடியோ கடை ஜெபராஜோடு. மனைவி மரகதம் பின் சீட்டில். முன் சீட்டில் அரிசி மூட்டை.

அரிசி மூட்டைக்கு முன் சீட்டா என்று கேட்பீர்கள். டிக்கியில் இடமில்லை. அங்கே ஒரு மரப்பெட்டிக்குள் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் குடியிருக்கிறது.

ரிட்டயர்டு ஆன கையோடு பழைய கார் வாங்கினேன் அல்லவா… அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் போதுமான அளவு பீற்றிக்கொண்டாயிற்று. அந்தக் காரில் பாட்டுப் போட்டால் தாளம் கேட்டது, வரிகள் புரியவில்லை. பாடுகிறவர் வாய் நிறைய வெற்றிலையோடு பாடுவதுபோல் இருந்தது. ஸ்பீக்கர் சரியில்லை என்று தீர்மானித்தேன். வேறு எதைச் சந்தேகப்படுவது?

ஜெபராஜுக்கு நாற்பது வயசு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவுக்கு மைக் செட்டைக் கவனித்துக்கொள்கிறவர். நிதானமான மனிதர். அந்த நிதானம்தான் எனக்கு எரிச்சல். கதவுக்கு இரண்டு ஸ்பீக்கர், மேல் ஸ்தாயிக்குக் குட்டியாக இரண்டு ட்வீட்டர், டிக்கியில் கீழ் ஸ்தாயிக்குச் சப்வூஃபர், எல்லாவற்றுக்கும் தீனி போட ஒரு ஆம்ப்ளிஃபயர் என்று மாட்டிவிட்டு, ஒரு வகுப்பே எடுத்தார்.

“சார், இந்த கெயின்ங்கறது வால்யூம் இல்ல. செட்டுலேர்ந்து வர்ற சிக்னலுக்கு ஆம்ப்பை ஒத்துப்போக வைக்கிற திருகு, அவ்வளவுதான். முக்கால் வால்யூம்ல வச்சு, சத்தம் கரகரங்கற வரைக்கும் கூட்டணும். அப்புறம் கொஞ்சம் இறக்கிடணும். அதுக்கு மேல போனீங்கன்னா ட்வீட்டர் கருகிடும்.”

தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தத் திருகைக் கடைசி வரைக்கும் திருகினேன். ட்ரெபிளையும் முழுசாக ஏற்றினேன். ட்வீட்டர் கருகியது. அவர் வேறு மாட்டினார். நான் மறுபடி திருகினேன். அதுவும் கருகியது. தரமில்லாத சரக்கைத் தலையில் கட்டுகிறார் என்ற முடிவுக்கு வந்தேன். அதற்குத்தான் இந்தப் படையெடுப்பு.

ஜெபராஜ் டிக்கியைத் திறந்தார். ஆம்ப்பைப் பார்த்தார். “கெயின் ஃபுல்லு. ட்ரெபிளும் ஃபுல்லு. யாரு சார் வச்சது?”

“நான்தான். தெளிவு பத்தலை.”

அவர் மரகதத்தைப் பார்த்தார். “அம்மா, உங்களுக்கு எப்படி இருக்கு?”

“தலைவலி மாத்திரையைக் கைப்பையிலேயே வச்சிருக்கேன் தம்பி.”

எட்டப்பி. இந்த மாதிரி நேரத்தில் வீட்டுக்காரர் பக்கம் நிற்க வேண்டாமா?

ஜெபராஜ் புது ட்வீட்டரை மாட்டினார், திருகுகளைத் தான் முதலில் வைத்திருந்த இடத்துக்கே இறக்கினார். பிறகு தன் செல்போனை இணைத்து, “ஒரு டெஸ்ட் டோன் போடறேன் சார், கேக்குதான்னு சொல்லுங்க” என்றார். முதலில் நாற்பது ஹெர்ட்ஸ். பின் நம்பர் பிளேட் கடகடத்தது, சீட் அதிர்ந்தது. கேட்டது. அடுத்து ஆயிரம். அதுவும் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றையும் காணோம்.

“போடுங்க” என்றேன்.

“போட்டாச்சு சார்.”

“எங்க?”

திரும்பிப் பார்த்தேன். மரகதம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

“நாலாயிரம் ஹெர்ட்ஸ் சார். ஓடிக்கிட்டுதான் இருக்கு.”

“கனெக்‌ஷனைப் பாருங்க.” பார்த்தார். “கெயினைக் கூட்டுங்க, ஜெபராஜ்.” கூட்டினார். எதிர் டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு வெளியே வந்து எங்களை முறைத்தார். எனக்கு… ம்ஹூம். அமைதியான ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

ஜெபராஜ் டோனை நிறுத்தினார். “சார், செட்டுல கோளாறு இல்ல. காது டாக்டரை ஒரு தடவை பாத்துடுங்க. இந்த மேல் பக்கம் போச்சுன்னா, சத்தம் கேக்கும், வார்த்தை புரியாது. பொம்பளைங்க, பிள்ளைங்க பேசறதெல்லாம் மொணமொணன்னுதான் இருக்கும்.”

பத்து வருஷமாக நான் மரகதத்திடம் சொல்லிக்கொண்டிருப்பது என்ன தெரியுமா? ‘வாயைத் திறந்து பேசு, முணுமுணுக்காதே.’ விருந்தாளிகள் எதிரில்கூடச் சொல்லியிருக்கிறேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

காது எங்கே போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருபது வயசில் நான் மைக் பிடிக்கிறவன். அறுவடைக் கூலியை உயர்த்து, குத்தகை நிலத்தை விட்டு வெளியேற்றாதே, உழுகிறவனுக்கே நிலம் — வண்டியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அதன் வாய்க்குப் பக்கத்திலேயே தலையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கத்தினேன். சென்னையில் ஆட்சி இந்தக் கழகம், அந்தக் கழகம் என்று மாறி மாறி வந்தது. எங்கள் குழாய்க்கு மட்டும் ஓய்வில்லை. அந்தப் போராட்டங்களுக்கு அப்புறம்தான் விவசாயக் கூலியாக இருந்த அப்பா பேருக்கு மூன்று மா நிலம் பட்டா வந்தது. ஒரு ஏக்கர். அப்பாவுக்குப் பின் அது என் பேருக்கு மாறியது.

என் பேருக்கு மட்டும். தங்கச்சி செல்வி அஞ்சு வருஷம் முன்பு பாதி கேட்டாள். “உனக்குத்தான் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சே” என்றேன். அன்றோடு பேச்சு நின்றது.

கடை வாசலில் நின்ற காரின் பின் சீட்டிலிருந்து மரகதம் திடீரென்று முன்னால் குனிந்தாள். இந்தத் தடவை சத்தமாகவே கேட்டாள். “அப்ப அன்னிக்கு நான் கேட்டதும் உங்க காதுல விழலையா?”

“எது?”

“செல்விக்கு ஒன்றரை மா எழுதிக் குடுத்துடலாமான்னு கேட்டேனே. நன்னிலம் ரோட்டுல. பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. ‘சரி, செஞ்சுடலாம்’னீங்க.”

சொல்லியிருப்பேன். காது மந்தமானவர்களுக்குத் தெரியும்… கேட்காத கேள்விக்கு ‘சரி’தான் பாதுகாப்பான பதில். கேட்டது பெண்டாட்டி என்றால் சந்தேகமே வேண்டாம்.

“நீங்க உடனே சரின்னதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. நீங்க ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தீங்க. அன்னிக்கே செல்விக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”

அடடா. அதனால்தானா? அஞ்சு வருஷத்துக்குப் பிறகு செல்வி போன் பண்ணி, “அண்ணே, நல்லாருக்கியா” என்று தழுதழுத்தாளே. ஒரு பை நிறையக் கத்தரிக்காய் வேறு கொடுத்தனுப்பினாள். பிள்ளை வழிக்கு வந்துவிட்டது என்று நான் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

மரகதம் குரலை இறக்கிக்கொள்ளவில்லை. “வேணாம்னா சொல்லிடுங்க. உங்க அண்ணனுக்குக் காது கேக்காது, தெரியாம சொல்லிட்டார்னு நானே அவகிட்ட சொல்லிடறேன். மைக் பிடிச்சு ஊருக்கெல்லாம் சொன்னீங்க. அப்பா காலத்துலேர்ந்து அந்த மூணு மாவுலயும் இறங்கி நாத்து நட்டது யாரு? நீங்களா?”

நான் இல்லை, செல்வி. நான் வண்டியில் இருந்தேன்.

தப்பிக்க நல்ல வழிதான். டாக்டர் சர்ட்டிஃபிகேட்டே கிடைக்கும். ஜெபராஜ் சப்வூஃபர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, கழன்று போகாத ஒரு வயரை ரொம்ப நேரம் இறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் செல்வியின் அந்த ‘அண்ணே’ மட்டும்தான் ஞாபகத்தில் ஓடியது. அது போனில் எனக்குத் தெளிவாகவே கேட்டிருந்தது.

“சொல்ல வேணாம்” என்றேன். “சரின்னா சரிதான்.”

நேற்று சார்பதிவாளர் ஆபீஸ். காது மிஷினுக்கு அளவு கொடுத்தாயிற்று, இன்னும் வரவில்லை. சார்பதிவாளர் அம்மா பத்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் என்னிடம் ஏதோ கேட்டார். மரகதம் என் காதுப் பக்கம் குனிவதற்குள், “ஆமாங்க, முழு மனசோடதான்” என்றேன். அவர் முத்திரையை எடுத்தார்.

வெளியே வந்ததும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மரகதம் எல்லாக் கதையையும் சொல்லியிருக்க வேண்டும். “அண்ணே, இந்தத் தடவையாவது காதுல விழுந்துதான் சொன்னியா?”

“விழுந்துதான் சொன்னேன்.”

அந்த அம்மா என்ன கேட்டார் என்பதை, வீடு திரும்புகிற வழியில்தான் மரகதத்திடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.