படகு டீச்சரின் எழுபத்து நான்காவது மேலது

ஒரே புத்தகத்தை அடுத்தடுத்து இரண்டு முறை மேற்கோள் காட்டினால், இரண்டாவது அடிக்குறிப்பில் புத்தகத்தின் பெயரைத் திரும்ப எழுத மாட்டார்கள். ‘மேலது’ என்று போட்டுப் பக்க எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். மேலே சொன்ன அதே புத்தகம்தான், போய்ப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லோடு பதினேழு வருஷமாக மல்லுக்கட்டி வருகிறவர் குறிப்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு உண்டு. ஆனால் பல்கலைக்கழகப் பின்வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், ஆய்வேடுகளை அச்சுக்குத் தயார் செய்யும் அந்த ஒற்றை அறைக்கு வருகிற யாருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

அறை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு கணினி, ஒரு அச்சுப்பொறி, வருகிறவர் உட்கார ஒரு நாற்காலி. நாற்காலியின் ஒரு கால் ஆடும். மாற்றக்கூடாதா என்று கேட்டால், “ஆடினாத்தான் சீக்கிரம் எழுந்து போவாங்க” என்பார் அக்கா.

அவர் பயன்படுத்துவது கட்டளை எழுதிப் பக்கம் கோக்கிற மென்பொருள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சுருக்கப் பெயர் வைத்து, அடிக்குறிப்பு வர வேண்டிய இடத்தில் அதை எழுதினால் போதும். முதல் முறை முழு விவரம் வரும். உடனே திரும்ப வந்தால் ‘மேலது’ என்று போடும். நாலு புத்தகம் தள்ளி வந்தால் ஆசிரியர் பெயரும் பாதித் தலைப்பும். நடுவில் புதிதாக எதையாவது செருகினாலும் அதுவே சுதாரித்துக்கொண்டு மாற்றிவிடும். அதைத் தமிழில் ‘மேலது’ சொல்லவைக்க அக்கா மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். முதன்முதலாகச் சரியாக வந்த அன்று சந்தோஷம் தாங்காமல் தாளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி ஜெராக்ஸ்காரரிடம் காட்டினார். அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒரு வார்த்தைதானே இருக்கு?” என்றார். அந்த மனுஷனோடு அக்கா இரண்டு நாள் பேசவில்லை.

வீட்டுக்குள்ளும் இந்தச் சொல் புகுந்துவிட்டது. கணவர் பேருந்து ஓட்டுகிறவர். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதீர்கள் என்று அக்கா காலையில் ஆரம்பித்தால், “மேலது, நேத்து, அதே கட்டில்” என்று சொல்லிக்கொண்டே துண்டை எடுத்துக் கொடியில் போடுவார். கல்லூரிக்குப் போகிற மகள் சும்மா இருப்பாளா? “அம்மா திட்டறதுக்கெல்லாம் அடிக்குறிப்பு போட்டா வீட்டுல தாள் பத்தாதுப்பா” என்பாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிறகு எங்கே திட்டுவது? நல்ல குடும்பம்தான், ஒரு குறையும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மாடிப்படி ஏறி வந்தவர் படகு டீச்சர். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். பாலம் கட்டுவதற்கு முன்னால் ஆற்றில் படகு ஓட்டியவர்களைப் பற்றி எட்டு வருஷ ஆராய்ச்சி. பள்ளி, வீடு, இரண்டு பிள்ளைகள், இடையில் கிடைத்த நேரத்தில் எழுதிய ஆய்வேடு. மூன்று முறை அவகாசம் வாங்கியாயிற்று. அன்று மாலை நாலு மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எட்டு வருஷமும் தண்ணீரில் போட்ட மாதிரிதான்.

எல்லாம் முந்தின நாளே தயார். ஆனால் மூன்றாம் இயலில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லி இரவோடு இரவாக அவருடைய ஆய்வு நெறியாளர் ஃபோன் செய்திருந்தார். அந்தப் பத்தியில் மேற்கோளாக வர வேண்டியது நெறியாளரே எழுதிய புத்தகம்.

“அவரேவா சொன்னாரு?” என்று கேட்டார் அக்கா.

“அவரேதான்.”

“நல்ல மனசு” என்றார் அக்கா, முகத்தில் ஒரு சின்ன மாற்றமும் காட்டாமல்.

பத்தியைச் சேர்த்து, பக்கத்தைத் திரையில் வரவழைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். நெறியாளரின் புத்தகம் அடிக்குறிப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அதற்கு அடுத்ததில்தான் கண் நின்றது. ‘மேலது, ப. 412.’ நெறியாளரின் புத்தகம் மொத்தமே நூற்றுப் பதினெட்டுப் பக்கம். அதைக் கோத்துக் கொடுத்ததே அக்காதான். அந்தக் குறிப்புக்குரிய வரியைத் தேடிப் படித்தார். ‘இக்கணக்கை எழுதியவர் ஆற்றை ஒரு முறையேனும் பார்த்திருப்பாரா என்பது ஐயமே.’

“டீச்சர், உங்க சார் ஆத்தையே பாத்ததில்லன்னு எழுதியிருக்கீங்க?”

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. “ஐயையோ, அது சார் இல்லக்கா! ஆத்தை அளந்து அறிக்கை எழுதினாரே, அந்த எஞ்சினியர்!”

மென்பொருள் இப்படிச் செய்ய வழியில்லையே என்று கோப்பைத் திறந்து பார்த்த அக்காவுக்கு விஷயம் புரிந்தது. மற்ற இயல்களுக்கெல்லாம் சுருக்கப் பெயர் கொடுத்தது அவர். மூன்றாம் இயலை மட்டும், உதவி செய்வதாக நினைத்து, டீச்சர் வீட்டிலேயே முடித்துக் கொண்டுவந்திருந்தார். பார்வைக்குச் சுத்தமாக இருந்ததால் அக்காவும் உள்ளே கைவைக்கவில்லை. இப்போது பார்த்தால் அதில் ஒவ்வொரு மேலதும் கையால் தட்டியது. எழுபத்து நாலு! கையால் தட்டிய மேலதுக்குத் தன் புத்தகம் எது என்று தெரியாது. மேலே எது வந்து உட்கார்ந்தாலும் அதைக் காட்டும். எட்டு வருஷத்தில் நடுநடுவே எத்தனை குறிப்புகளைச் செருகினாரோ, எது எதைக் காட்டுகிறதோ, யாருக்குத் தெரியும்?

“நான் தொறந்து பாத்திருக்கணும். தப்பு என் மேலதான்” என்றார் அக்கா.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். “அக்கா, இந்த ஒண்ண மட்டும் மாத்திட்டுக் குடுத்துடலாமா? மத்ததெல்லாம் யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?”

உண்மையில் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆய்வேடு திருத்துகிறவர்கள் பலர் நூற்பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்னுரைக்குப் போகிறவர்கள் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அப்படியே அச்சடித்துவிட்டால் பதினோரு மணிக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் அவருக்குக் கோபம்தான் வந்தது.

“ஒருத்தர் பாத்தா போதும் டீச்சர். அவரு சொன்னதை இவரு சொன்னாருன்னு எழுதியிருக்கீங்கன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. இவ்வளவு பாடுபட்டதெல்லாம் பொய்யாத் தெரியும். குறிப்பு எழுதின அட்டையெல்லாம் வெச்சிருக்கீங்களா?”

“வீட்டுல இருக்கு.”

“வரச் சொல்லுங்க.”

அரை மணியில் டீச்சரின் கணவர் இரண்டு செருப்புப் பெட்டிகளை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அரக்கப்பரக்க வந்து இறக்கினார். பெட்டி நிறைய டீச்சர் கையால் எழுதிய அட்டைகள். அக்கா வாக்கியத்தைப் படிப்பார். டீச்சர் அட்டையைத் தேடிப் புத்தகத்தின் பெயர் சொல்வார். அக்கா கையால் தட்டிய மேலதை அழித்துவிட்டுச் சுருக்கப் பெயரைத் தட்டுவார். பதினோரு இடத்தில் ஏற்கெனவே தவறு. ஒரு கிழப் படகோட்டி சொன்ன கதையை, ஐந்து வருஷமாக ஒரு மழை அளவுப் பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிக்க நேரமில்லை என்று தெரிந்தும் சிரித்தார்கள். மதியம் ஆளுக்கொரு பன்னும் டீயும், அதுவும் ஒரு கையால்.

இரண்டரைக்கு எழுபத்து மூன்று முடிந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. அதில் பக்க எண்கூட இல்லை, மொட்டையாக ‘மேலது’ மட்டும். அக்கா வாக்கியத்தைப் படித்தார்: ‘நாள் முழுக்கப் பயணம் செய்தும் எந்த ஊருக்கும் போகாதவன் படகோட்டி, அதனாலேயே எந்த ஊரின் பதிவேட்டிலும் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.’

டீச்சர் முதல் பெட்டியைத் துழாவினார். இரண்டாவதைக் கவிழ்த்தே கொட்டிவிட்டார். இல்லை. மணி இரண்டே முக்கால்.

“வாக்கியத்தையே எடுத்துடுங்கக்கா. எங்க படிச்சேன்னே தெரியல.”

“இதையா? இந்த இயல்ல நான் ரெண்டு தடவை படிச்ச வரி இது ஒண்ணுதான். இதுக்காகத்தானே மத்த வரியெல்லாம் இருக்கு! பதறாம யோசிங்க. எப்ப எழுதினீங்க?”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். “முதல் வருஷம். பெரியவன் அப்ப கைக்குழந்தை. அவனை அம்மாகிட்ட விட்டுட்டு ஒரு நாள் பூரா படகுத்துறையில போய் உக்காந்திருந்தேன். பாலம் வந்து அத்தனை வருஷம் ஆகியும் ஒரே ஒரு படகு ஓடிட்டிருந்துச்சு. அந்த ஆளு போறாரு, வராரு, போறாரு, வராரு. சாயங்காலம் பாத்தா காலையில நின்ன அதே எடத்துல நிக்கறாரு. வீட்டுக்கு வந்து நோட்டுல…”

கண்ணைத் திறந்தார்.

“அக்கா, இதை யாரும் சொல்லல. நான்தான் எழுதினேன்.”

“அப்ப மேலது எதுக்கு?”

“பயம்தான். நான் சொன்னா யாரு மதிப்பாங்கன்னு இருந்துச்சு. கீழ ஒரு குறிப்பு இருந்தா கேள்வி கேக்க மாட்டாங்கன்னு ஒரு மேலதைப் போட்டு வெச்சேன். அப்புறம் போட்டதையே மறந்துட்டேன். இத்தனை வருஷமா, எவ்வளவு நல்லாச் சொல்லியிருக்காரு, யாரோன்னு நெனச்சுட்டிருக்கேன்!”

ஆய்வேட்டில் குறிப்பு சேர்ப்பதுதான் அக்காவின் பிழைப்பு. ஒன்றை எடுப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். அழித்தார். பின்னால் வந்த எண்களெல்லாம் ஒன்று ஒன்றாகக் குறைந்து தாமாகவே ஒழுங்காயின.

டீச்சர் திரையைப் பார்த்தார். “கீழ ஒண்ணுமே இல்லாம ஒரு மாதிரி இருக்குல்ல?”

“ஒரு மாதிரியும் இல்ல. கெளம்பற வழியைப் பாருங்க” என்று அச்சுக்குக் கொடுத்தார் அக்கா.

கீழே ஜெராக்ஸ்காரர் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அட்டை போட்டுக் கொடுத்தார். டீச்சரின் கணவர் வண்டியை முடுக்கிக்கொண்டே நின்றார். இருவரும் பின்வாசலுக்குள் நுழைவதை அக்கா ஜன்னலில் பார்த்தார். அதன்பிறகு வேறு வேலை ஓடவில்லை. நாலு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஃபோன் அடித்தது.

“அக்கா, முத்திரை போட்டு வாங்கிட்டாங்க.”

“அப்பாடா! வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குங்க.”

“இருங்கக்கா. என் கையில இருக்கற பிரதியைத் தொறந்து அந்த வரியை இப்ப இன்னொரு தடவை படிச்சேன்.”

“எப்படி இருக்கு?”

டீச்சர், ஏதோ இன்னொருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“நல்லாத்தான் எழுதியிருக்கேன்க்கா.”